மருத்துவப் படிவத்தின் பதினோராவது கேள்வி

வாசகர் கடிதம்:

டாக்டர் அவர்களுக்கு, நான் கோத்தகிரியில் ஒரு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். வயது 34. கணவர் எலக்ட்ரீஷியன், சோலார் வேலையும் தெரிந்தவர், இருளர் சமூகம். ஒரே மகள், ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். எங்கள் சபை மூலமாக ஒரு மிஷனெரி ஸ்தாபனம் எங்களை நான்கு வருட ஊழியத்துக்கு உகாண்டாவின் வடக்கே, குலு நகரத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு கிராம மருத்துவமனைக்கு அனுப்ப முன்வந்திருக்கிறது. ஜூனில் புறப்பட வேண்டும். என்னென்ன ஊசி போட வேண்டும்? மலேரியா மாத்திரையை நான்கு வருடமும் சாப்பிட்டால் கல்லீரல் கெட்டுவிடும் என்கிறார்களே, உண்மையா? குளிரிலேயே வளர்ந்த பிள்ளை அந்த வெயிலைத் தாங்குமா? அம்மாவுக்கு 67 வயது, சர்க்கரை வியாதி. தம்பி திருப்பூரில் இருக்கிறான். அம்மாவை விட்டுப் போவதை நினைத்தாலே மனசு அடித்துக்கொள்கிறது.

கடைசியாக ஒன்று. இரண்டு வருடத்துக்கு முன் ஐந்தாம் மாதத்தில் எனக்குக் கரு கலைந்துவிட்டது. அதற்குப் பிறகு தூக்கம் போய், அழுகை நிற்காமல், கோயம்புத்தூரில் மனநல மருத்துவரிடம் காட்டி எட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். அவர் சொல்லித்தான் நிறுத்தினேன். ஒரு வருடத்துக்கு மேல் நன்றாக இருக்கிறேன். ஸ்தாபனத்தின் மருத்துவப் படிவத்தில் பதினோராவது கேள்வி: 'மனநலப் பாதிப்புக்காக எப்போதாவது சிகிச்சை பெற்றதுண்டா?' உண்டு என்று எழுதினால் தள்ளிவிடுவார்கள். சபையிலும் விசுவாசக் குறைவு என்பார்கள். இல்லை என்று எழுதினால் பொய். நான் என்ன செய்ய?

- ஒரு சகோதரி, கோத்தகிரி

மருத்துவர் பதில்:

அன்புச் சகோதரி,

கடைசியில் வைத்த கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நீங்களே நர்ஸ், ஊசிப் பட்டியலில் பாதியை நீங்களே எழுதிவிடுவீர்கள். இந்தக் கடிதத்தை எழுதவைத்தது அந்தப் பதினோராவது கேள்விதான் என்று எனக்குப் படுகிறது.

உண்டு என்று எழுதுங்கள்.

பொய் சொல்லலாமா என்பதை உங்கள் ஆயர் சொல்லட்டும். நான் மருத்துவராகச் சொல்லும் காரணம் வேறு. மலேரியா தடுப்புக்கு மெஃப்ளோகுயின் என்று ஒரு மாத்திரை இருக்கிறது. வாரத்துக்கு ஒன்று போதும் என்பதால், வருடக்கணக்கில் தங்கப் போகிறவர்களுக்கு அதை எழுதிக்கொடுக்கத் தோன்றும். ஆனால் மனச்சோர்வு, பதற்ற நோய், வலிப்பு இவற்றில் ஏதேனும் ஒன்று முன்பு வந்திருந்தாலும் தடுப்புக்கு அதைக் கொடுக்கக் கூடாது. கெட்ட கனவுகள், காரணமில்லாத பயம், ஆழ்ந்த சோர்வு, அரிதாகப் புத்தி பேதலிப்பு வரைக்கும் கொண்டுபோய்விடும். நிறுத்திய பிறகும் சிலருக்கு அது விடாது. நீங்கள் 'இல்லை' என்று எழுதினால், படிவத்தை நம்பி மருந்து எழுதுகிற மருத்துவர் நல்ல எண்ணத்தோடுதான் அதை உங்கள் கையில் கொடுப்பார். பிறகு குலுவுக்கு உள்ளே ஏதோ ஒரு கிராமத்தில் நடுராத்திரி தூக்கம் வராமல் உட்கார்ந்திருப்பீர்கள். பழைய நோய் திரும்பியதா, மாத்திரை செய்கிற வேலையா, ஊர் நினைப்பா என்று உங்களுக்கும் தெரியாது, உங்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் தெரியாது.

மறைத்துவிட்டுப் போன ஒருவருக்கு நான் வைத்தியம் பார்த்திருக்கிறேன். நாடும் வேறு, ஸ்தாபனமும் வேறு. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே புறப்பட்டவர். படிவத்தில் எழுதவில்லை. சில மாதத்துக்கான எஸ்சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரையைத் துணிமணிக்கு நடுவில் மறைத்து எடுத்துப் போனார். அது தீர்ந்தபோது யாரிடம் கேட்பது? கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடும். இந்த வகை மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்காமல் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், வியர்வை, தூக்கமின்மை எல்லாம் வரும். தலைக்குள் கரண்ட் அடித்தாற்போல் ஒரு வெட்டு வெட்டும். பணித்தளத்தில் இருந்தவர்கள் மலேரியா என்று நினைத்து மருந்து கொடுத்தார்கள். குறையவில்லை என்று மறுபடியும் கொடுத்தார்கள். அவரும் வாய் திறக்காமல் விழுங்கினார். ஊர் திரும்பி என்னிடம் வந்தபோது நோயைவிட அந்த ஒளிப்புதான் அவரை அதிகமாக வாட்டியிருந்தது.

எழுதுவது என்றால் சும்மா 'ஆம்' என்று டிக் அடித்துவிட்டு விடாதீர்கள். வெறும் 'ஆம்' படிப்பவரைப் பயமுறுத்தும். இப்படி எழுதுங்கள்: கருச்சிதைவுக்குப் பிறகு மனச்சோர்வு ஏற்பட்டது, இன்ன மருத்துவரிடம் இன்ன மாதம் முதல் இன்ன மாதம் வரை இன்ன மாத்திரை, இன்ன அளவு, மருத்துவர் ஆலோசனைப்படி நிறுத்தப்பட்டது, அன்று முதல் அறிகுறி இல்லை, முழுநேரமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன், மருத்துவரின் கடிதம் இணைப்பில். கோயம்புத்தூர் மருத்துவரிடம் ஒரு நடை போய் வாருங்கள். நோய் மறுபடி தலைகாட்டினால் எந்த மாத்திரையை எந்த அளவில் தொடங்குவது என்பதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். மருந்தின் பெயர் கம்பெனிப் பெயராக இல்லாமல் மூலப்பெயராக இருக்கட்டும். நம்மூர் பிராண்ட் பெயர் அங்கே செல்லாது.

படிவத்தைக் கொடுப்பதற்கு முன் இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: இதை யார் யார் படிப்பார்கள்? அது ஒட்டிய உறையில் ஸ்தாபனத்தின் மருத்துவருக்கு மட்டும் போக வேண்டும். அவர் கமிட்டிக்குச் சொல்ல வேண்டியது தகுதி உண்டு, இல்லை, இன்ன நிபந்தனையோடு உண்டு, இவ்வளவுதான். நோயின் பெயர் கமிட்டிக்கு எதற்கு? உங்கள் மனநல மருத்துவரும் உங்கள் சம்மதம் இல்லாமல் விவரத்தை வெளியே கொடுக்க முடியாது; 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்த இரகசியத்தை உங்கள் உரிமையாகவே வைத்திருக்கிறது. நம் சபைகளில் 'ஜெபக்குறிப்பு' என்ற பெயரில் விஷயம் எவ்வளவு வேகமாக ஊர் சுற்றும் என்று உங்களுக்கே தெரியும். அதனால்தான் இதை முன்கூட்டியே கேட்கச் சொல்கிறேன்.

தள்ளிவிடுவார்களோ என்கிறீர்கள். ஒரு துக்கத்தைத் தொடர்ந்து ஒரே ஒரு முறை வந்து, ஒழுங்காகச் சிகிச்சை எடுத்து, மாத்திரை இல்லாமல் ஒரு வருடத்துக்கு மேல் வேலை பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரை, அதை மட்டும் காரணம் காட்டி நான் நிறுத்த மாட்டேன். விவரம் தெரிந்த எந்த மருத்துவரும் நிறுத்த மாட்டார் என்று நினைக்கிறேன். ஆறு மாதம் தள்ளிப் போகச் சொல்லலாம்; சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரியைப் பார்த்ததுமே, விசாரிக்காமல் ஒரு ஸ்தாபனம் கதவைச் சாத்துகிறது என்றால், நாளைக்கு நீங்கள் அங்கே சோர்ந்து விழுந்தால் அது என்ன செய்யும் என்பதையும் இப்போதே காட்டிவிட்டது. அப்படிப்பட்டவர்களை நம்பிப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கடல் கடந்து போக வேண்டாம்.

விசுவாசக் குறைவு என்கிறவர்களுக்கு நான் வேதபாடம் எடுக்கப் போவதில்லை. பிலிப்பியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் எப்பாப்பிரோதீத்து என்று ஒருவர் வருகிறார், அவரை மட்டும் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சபை அனுப்பிய ஊழியர்; போன இடத்தில் சாகக் கிடந்தார்; ஊர் நினைப்பில் கலங்கினார். பவுல் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, இவரைச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டு மரியாதை செய்யுங்கள் என்று எழுதுகிறார். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். பழனி மலையில் கொடைக்கானல் என்ற ஊர் எழும்பியதே வியாதியால்தான். மதுரைப் பக்கம் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனெரிகள், சமவெளியில் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் ஆட்களைப் பறிகொடுத்துக் களைத்துப்போய், 1845இல் மலை மேல் சன்னிசைட், ஷெல்டன் என்று இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். வியாதி வரும் என்று கணக்குப் பண்ணி முன்கூட்டியே வீடு கட்டினவர்களை யாரும் விசுவாசம் இல்லாதவர்கள் என்று சொல்லக் காணோம். திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் 1903இல் தொடங்கியதிலிருந்து நாமும் ஆட்களை அனுப்புகிறவர்களாகிவிட்டோம். ஊழியரை அனுப்புகிற உற்சாகத்தைக் கற்றுக்கொண்ட அளவுக்கு, அவர் நோயில் விழுந்தால் தாங்குகிற ஏற்பாட்டை நாம் கற்றுக்கொள்ளவில்லை.

அந்த ஏற்பாட்டை உங்கள் விஷயத்தில் நீங்களே செய்யலாம். போன தடவை முதலில் கெட்டது தூக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக உங்களுக்கு அதுதான் மணி அடிக்கிற இடம். தொடர்ந்து இரண்டு வாரம் தூக்கம் சரியில்லை என்றால் உங்களைக் கேட்காமலேயே இன்னாரைக் கூப்பிடுவேன் என்று உங்கள் கணவரோடு இப்போதே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். மாதம் ஒரு முறை ஊரில் இருக்கும் ஒரு ஆலோசகரோடு பேச்சு, உடம்பு நன்றாக இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. உகாண்டா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். இங்கே இரவு எட்டு மணி என்றால் உங்களுக்கு மாலை ஐந்தரை, டியூட்டி முடிந்திருக்கும். அவசரம் என்றால் கம்பாலாவில் புட்டாபிகா என்ற தேசிய மனநல மருத்துவமனை இருக்கிறது. முகவரியைக் குறித்து வையுங்கள்.

இன்னொரு யோசனை, நீங்கள் கேட்காதது. முதல் வருடம் பிரசவ வார்டிலும் பிறந்த குழந்தைகள் பிரிவிலும் உங்களைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மலேரியாவோடு வரும் கர்ப்பிணிகள், தங்காமல் போகும் கருக்கள் எல்லாம் அந்த வார்டுகளில் அன்றாடம் பார்க்க வேண்டிவரும். அதுவும் அச்சோலி மொழி இன்னும் வாயில் வராத நாட்களில், ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லக்கூட முடியாமல் நிற்க வேண்டியிருக்கும். அறுவை சிகிச்சைப் பிரிவிலோ வெளிநோயாளிப் பிரிவிலோ தொடங்கினால் ஊழியம் ஒன்றும் குறைந்துவிடாது. உங்களுக்கு இன்னொரு பிள்ளை பெற எண்ணம் இருந்தால் அதையும் போவதற்கு முன்பே மகப்பேறு மருத்துவரோடும் மனநல மருத்துவரோடும் பேசிவிடுங்கள். கர்ப்ப காலத்தில் வரும் ஃபால்சிபாரம் என்ற கடுமையான வகை மலேரியா தாய்க்கும் சிசுவுக்கும் பொல்லாதது; பிரசவத்தை ஒட்டிய மாதங்கள் பழைய மனச்சோர்வு திரும்பவும் வசதியான காலம்.

இனி ஊசிகள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி இல்லாமல் உகாண்டாவுக்குள் நுழைய முடியாது. இது எல்லா மருத்துவமனையிலும் கிடைக்காது. சென்னை கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிட்யூட் போல அரசு அங்கீகரித்த மையங்களில்தான் போடுவார்கள். முன்பதிவு செய்துவிட்டுப் பாஸ்போர்ட்டோடு போங்கள். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். 2016இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு ஆயுளுக்கும் ஒரு ஊசி போதும். அந்த மஞ்சள் அட்டையில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று கவுன்டரிலேயே பார்த்துவிடுங்கள். தமிழ்ப் பெயர்களின் இனிஷியல் குழப்பம் இந்த அட்டையில் நிறைய வரும். திரும்பி வரும்போதும் அதைக் கேட்பார்கள். இல்லையென்றால் நம் விமான நிலையத்திலேயே ஆறு நாள் தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். இது உயிருள்ள கிருமி ஊசி. போட்டுக்கொண்ட பிறகு ஒரு மாதம் கரு தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மகளுக்கு எம்எம்ஆர் என்ற தட்டம்மைத் தடுப்பூசியின் இரண்டாம் டோஸ் பாக்கி இருந்தால் ஒன்று அதே நாளில் போட வேண்டும், இல்லாவிட்டால் 28 நாள் இடைவெளி விட வேண்டும்.

ஹெபடைடிஸ் பி நீங்கள் போட்டிருப்பீர்கள். அந்த ஊசி வேலை செய்திருக்கிறதா என்று ரத்தத்தில் ஆன்டிபாடி (எதிர்ப்பொருள்) அளவைப் பாருங்கள். 10க்குக் கீழே இருந்தால் அதை நம்பியிருக்க முடியாது. கணவர் போடவில்லை என்றால் 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று ஊசி. ஜூனுக்குள் முடிய இன்றே தொடங்க வேண்டும். டைபாய்டு, டெட்டனஸ், ஹெபடைடிஸ் ஏ வழக்கம்போல. வட உகாண்டா, ஆப்பிரிக்காவில் மூளைக்காய்ச்சல் அடிக்கடி பரவும் வளையத்தை ஒட்டி இருப்பதால் ஏசிடபிள்யூஒய் மெனிஞ்சைடிஸ் ஊசியும் மூவருக்கும் வேண்டும்.

வெறிநாய்க்கடிக்கு முன்தடுப்பு ஊசி போடச் சொன்னால் பலர் சிரிக்கிறார்கள். குன்னூரில் உள்ள பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்? 1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற பெண் வெறிநாய்க்கடியால் இறந்துபோனார். தென்னிந்தியாவில் அப்போது அதற்கு வைத்தியம் செய்யும் இடமே இல்லை. அந்த மரணமும் ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கரின் நன்கொடையும் சேர்ந்து 1907இல் அந்த நிறுவனத்தைக் கொண்டுவந்தன. ஊசிக்கும் கடிபட்டவருக்கும் நடுவே உள்ள தூரம்தான் ஆளைக் கொல்லும். நீங்கள் போகிற கிராமத்தில் கடித்த அன்றே இம்யூனோகுளோபுலின் என்ற உடனடி எதிர்ப்பு மருந்து கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. முன்பே போட்டிருந்தால் அது தேவைப்படாது. கடித்த பிறகு காயத்தைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, இரண்டு பூஸ்டர் போட்டால் போதும். நாயைக் கண்டதும் தடவப் போகிற வயசு உங்கள் மகளுக்கு. அவளுக்குக் கட்டாயம் போடுங்கள்.

மலேரியாவுக்கு வருகிறேன். அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் சிறுவயதிலிருந்து பலமுறை காய்ச்சல் கண்டு ஓரளவு எதிர்ப்பு வளர்த்துக்கொண்டவர்கள். 'நாங்கள் மாத்திரையா சாப்பிடுகிறோம்?' என்று உடன் வேலை பார்ப்பவர்கள் கேட்பார்கள். அவர்கள் உடம்பு வேறு, கோத்தகிரிக் குளிரில் கொசுவையே அதிகம் பார்க்காத உங்கள் உடம்பு வேறு. மெஃப்ளோகுயின் உங்களுக்கு ஆகாது என்றாகிவிட்டது. பெரியவர்கள் இருவருக்கும் டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் தினம் ஒன்று. சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். வெயிலில் தோல் சீக்கிரம் கருகும். கூரைமேல் ஏறி சோலார் பேனல் மாட்டப் போகிற உங்கள் கணவர் முழுக்கைச் சட்டையும் தொப்பியும் போடாமல் ஏறக் கூடாது. கர்ப்பம் என்றால் இந்த மாத்திரை கூடாது. எட்டு வயதுக்குக் கீழே என்பதால் மகளுக்கும் இது வேண்டாம். அவள் எடையைப் பார்த்துக் குழந்தை மருத்துவர் வேறு மாத்திரை எழுதுவார்.

கல்லீரல் பயம் உங்களுக்கு வேண்டாம். நல்ல கல்லீரலோடு போகிறவருக்கு இந்த அளவு டாக்ஸிசைக்ளினால் கெடுதல் வருவது அரிது. வருடம் ஒரு முறை ரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் போதும். மூளை மலேரியா வந்தால் கல்லீரலைப் பற்றிக் கவலைப்பட நேரம் இருக்காது. சிலர் முதல் வருடத்துக்குப் பிறகு மாத்திரையை விட்டுவிட்டு வலையையும் உடனடிப் பரிசோதனையையும் நம்புகிறார்கள். வடக்கில் மலேரியா வருடம் முழுவதும் இருப்பதால் எனக்கு அது சம்மதமில்லை.

கொசுவலையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலைக்காரர்களான நமக்குக் கம்பளியை இழுத்துப் போர்த்தத் தெரியும், வலை கட்டத் தெரியாது. மருந்தூட்டிய வலையாக வாங்குங்கள். இருட்டுவதற்கு முன்பே இறக்கி, நான்கு பக்கமும் மெத்தைக்கு அடியில் செருகிவிட வேண்டும். பிள்ளை தூக்கத்தில் உருண்டு காலையோ முழங்கையையோ வலையில் ஒட்டிவைத்தால் கொசு வெளியே உட்கார்ந்துகொண்டே கடிக்கும். அதனால் அவளுக்கு அகலமான வலை, நடுவில் படுக்கை. புறப்படுவதற்கு முன் ஒரு வாரமாவது வீட்டிலேயே கட்டிப் படுக்க வையுங்கள். புது ஊரில் முதல் ராத்திரி 'கூண்டுக்குள் போக மாட்டேன்' என்று அழ மாட்டாள்.

காய்ச்சல் என்றால் அன்றைக்கே ரத்தம் பார்க்க வேண்டும். 'நாளை வரை பொறுப்போம்' என்பது நர்ஸ்கள் தங்கள் விஷயத்தில் மட்டும் சொல்லும் வசனம். ஊருக்கு விடுமுறையில் வந்தாலும் இது பொருந்தும். டிசம்பரில் குன்னூரில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் எங்களுக்கு முதலில் தோன்றுவது மலேரியா இல்லை. வைரல் காய்ச்சல் என்று பாராசிட்டமால் எழுதி அனுப்பிவிடுவோம். உகாண்டாவிலிருந்து வந்திருக்கிறேன் என்பதைப் பெயர் சொல்லும் முன்பே சொல்லுங்கள். திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம் டாக்ஸிசைக்ளினைத் தொடர வேண்டும்.

உங்கள் கணவர் இருளர் சமூகம் என்று எழுதியது நல்லதாயிற்று. இந்தியாவில் அரிவாள் செல் (ரத்த அணுக்கள் அரிவாள் போல வளைகிற பரம்பரை நோய்) மரபணுவை முதன்முதலாகக் கண்டு 1952இல் எழுதியது நம் நீலகிரிப் பழங்குடிகளிடம் ரத்தம் சோதித்தவர்கள்தான். அவருக்கும் மகளுக்கும் அந்தப் பரிசோதனை ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆகவில்லை என்றால் செய்துவிடுங்கள். அப்பா அம்மாவில் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் அந்த மரபணு வந்திருந்தால் பயணத்துக்குத் தடையில்லை, ஆனால் அது மலேரியாவிலிருந்து காப்பாற்றிவிடும் என்று மாத்திரையை விட்டுவிடக் கூடாது. இரண்டு பக்கமும் இருந்தால் மலேரியாவும் நீர்ச்சத்துக் குறைவும் உயிருக்கே உலை வைக்கும். அப்போது பயணத்தையே மறுபடி யோசிக்க வேண்டும். ஜி6பிடி என்ற ரத்த நொதியின் குறைபாட்டையும் அதே ரத்தத்தில் பார்த்துவிடலாம். பிரிமாகுயின் என்ற மலேரியா மருந்தைக் கொடுக்க நேர்ந்தால் அந்த விவரம் வேண்டும்.

வேலையில் வரும் ஆபத்து உங்களுக்குத் தெரியாததில்லை. ஊசி குத்தினால் எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். அந்த மருந்து அந்த மருத்துவமனையின் அலமாரியில் இருக்கிறதா என்று இப்போதே மின்னஞ்சலில் கேளுங்கள். குலுவில் 2000ஆம் ஆண்டு எபோலா வந்தபோது, லாகோர் மருத்துவமனையை நடத்திவந்த டாக்டர் மேத்யூ லுக்விய அந்த நோயிலேயே டிசம்பரில் இறந்தார். அங்கே வேலை பார்த்த செவிலியர்களும் இறந்தார்கள். கையுறை, கண்ணாடி, கவசம் எவ்வளவு இருப்பு இருக்கிறது என்று கேட்பது அவர்களை அவமதிப்பதாகாது.

ஸ்தாபனத்திடம் எழுத்தில் வாங்க வேண்டியவை வேறு சில உண்டு. குலுவிலிருந்து கம்பாலா சுமார் 330 கிலோமீட்டர். உங்களில் ஒருவருக்கு உடம்பு மோசமானால் யார் முடிவெடுப்பது, எந்த வண்டி, எந்த மருத்துவமனை, யார் பணம்? நம்மூர் மருத்துவக் காப்பீடுகள் பெரும்பாலும் வெளிநாட்டில் செல்லாது. சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலிலிருந்து பதிவுச் சரிபார்ப்பு, உகாண்டா செவிலியர் கவுன்சிலில் பதிவு, வேலை அனுமதி இவையெல்லாம் ஆகாமல் வார்டில் கால் வைக்கக் கூடாது. சாலையும் பயப்பட வேண்டியதுதான்: வெளிநாட்டில் தங்கி வேலை செய்கிறவர்களின் உயிரைப் பறிப்பதில் சாலை விபத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே ஊர் முழுக்க ஓடும் 'போடா போடா' மோட்டார் சைக்கிள் டாக்ஸியில் ஹெல்மெட் இல்லாமலோ இருட்டிய பிறகோ ஏறாதீர்கள். நைல் நதியிலும் ஓடைகளிலும் குளிக்கவும் வேண்டாம். தண்ணீரில் உள்ள நத்தையிலிருந்து வரும் புழு தோல் வழியாகவே உடம்புக்குள் போகும்.

அம்மா விஷயத்தில் நீளமாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. மருத்துவராக மட்டும் சொல்கிறேன். போவதற்கு முன் கண், கால், சிறுநீரகம் மூன்றையும் பரிசோதித்துவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை யார் கூட்டிக்கொண்டு போய் ரத்தம் பார்ப்பது என்பதைத் தம்பியோடு உட்கார்ந்து பேசி, பொறுப்பை ஒருவர் பெயரில் போடுங்கள். 'சபையில் பார்த்துக்கொள்வார்கள்' என்றால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். அம்மாவுக்கு ஒன்று ஆகிவிட்டால் நீங்கள் வந்துபோக டிக்கெட் செலவு யாருடையது என்பதையும் ஸ்தாபனத்திடம் கேட்டு வையுங்கள். பதினோராவது கேள்வியின் பதிலை அம்மாவுக்கும் சொல்லிவிட்டுப் போனால் நல்லது என்று நினைக்கிறேன். மகள் எதற்காக அடிக்கடி போன் பண்ணி அழுகிறாள் என்று அவர் தனியாக உட்கார்ந்து குழம்ப வேண்டியிருக்காது.

வெயில் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குலு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; நீங்கள் நினைக்கிற அளவு கொதிக்காது. உடம்பு வெப்பத்துக்குப் பழக ஒன்று இரண்டு வாரம் ஆகும். அதுவரை மகளை நடுப்பகலில் வெளியே ஓடவிடாமல், தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் கொடுங்கள்; கஞ்சியில் உப்பு இருக்கட்டும். முதல் வாரம் சாப்பாடு குறையும், சிணுங்குவாள். சிறுநீர் அடர் மஞ்சளாக, குறைவாகப் போனாலோ, வியர்க்காமல் உடம்பு சுட்டாலோதான் நீங்கள் பயப்பட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மருத்துவர்
குன்னூர்